பூச்சியம் என்று எழுதிய பிள்ளை

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் மகளுக்கு இரண்டரை வயது. இப்போது பதினைந்து. இடைப்பட்ட காலம் முழுவதும் அவளை நான் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். நான் படகில் வந்தவன். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவன். ஆறு மாதத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கிற தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருப்பவன். வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. உள்ளே இருந்தால் யாரையும் கூப்பிட முடியாது. நிரந்தர அனுமதி கிடைத்தால் மட்டும் மகளையும் அவள் அம்மாவையும் இங்கே அழைக்கலாம். அவள் என்னை மறந்துபோவதற்கு முன் அது நடக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. மற்றவர்கள் வீடு வாங்குவது, கார் மாற்றுவது பற்றிப் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். எழுந்து போய்விடுவேன்.

அந்த அனுமதியை வாங்குவதற்கு என்னிடம் ஒரு சொந்தத் திட்டம் இருந்தது. வழக்கறிஞர் யாரும் சொல்லித் தந்ததல்ல. தடுப்பு முகாமில் இருந்தபோது, எனக்கு முன்னால் வந்து சேர்ந்த ஒருவர் சொன்னது. “இவங்களிட்டக் கை நீட்டாதையுங்கோ. குடுக்கிற ஆளா இருங்கோ. ஒரு நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துப் பாப்பாங்கள்.” அவர் பிறகு எங்கே போனார் என்று தெரியாது. அவர் சொன்னதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேலை செய்ய அனுமதி வந்ததும் டண்டினொங் என்ற புறநகரில் சலாது இலைகளைக் கழுவி வெட்டிப் பையில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். உள்ளே எப்போதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்கிற குளிர். முதல் சம்பளச் சீட்டில் வரி என்று ஒரு தொகை வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் தலையில் கை வைத்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அரசாங்கம் என்னைப் பார்த்துவிட்டது என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் இப்போது சிரிப்பதில்லை.

கையில் காசாகத் தருகிற வேலைகள் எத்தனையோ வந்தன. இரண்டு கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். வரி இல்லாத வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விசர், பைத்தியம் என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

ஒருதடவை பழைய விசா முடிந்து புதியது வர ஏழு மாதம் எடுத்தது. என் விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. அந்த ஏழு மாதமும் சட்டத்தின் கண்ணில் நான் இந்த நாட்டில் இருக்கக் கூடாதவன், வேலை செய்யவும் கூடாதவன். செய்தேன். முகாமையாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெடிகெயார் மருத்துவ அட்டை விசாவோடு சேர்ந்து செத்துப்போனது. இலை வெட்டுகிற கத்தி பெருவிரலைப் பிளந்தபோது வைத்தியரிடம் போகவில்லை, துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய வேலையை முடித்தேன். ஆனால் சம்பளத்தில் வரி வெட்டுவது மட்டும் ஒரு கிழமைகூடத் தவறவில்லை. குடிவரவுக்காரருக்கு நான் ஆளே இல்லை. வரிக்காரருக்கு நான் நல்ல பிள்ளை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஆண்டுக்கு ஒருதடவை, ஜூலையிலோ ஆகஸ்டிலோ, வரிக் கணக்குத் தாக்கல் செய்ய, எல்லாரும் அன்ரி என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணியிடம் போவேன். முப்பது வருடங்களுக்கு முன் வந்து, இங்கேயே கணக்கியல் படித்து, வீட்டுக் கராஜை அலுவலகமாக மாற்றி வைத்திருந்தவர். முதல் தடவை போனபோது ஒரு கதிரையைக் காட்டி இருத்திவிட்டு, கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

“கலியாணம்?”

“இல்லை அன்ரி.”

“பிள்ளையள்?”

“இல்லை.”

அவர் தட்டிக்கொண்டு போனார். துணை: இல்லை. தங்கியிருக்கும் பிள்ளைகள்: பூச்சியம். அச்செடுத்துத் தந்ததில் நான் கையெழுத்து வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பிள்ளை இருக்கிறது என்று எழுதினால், பிள்ளைக்குக் காசு கேட்கிறான் என்று நினைப்பார்கள் என்ற பயம் முதல் காரணம். நான் கை நீட்டாத ஆள் அல்லவா. இரண்டாவது காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்கு முன்னால் மகளின் வயதைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இல்லை என்பது சுலபமான சொல்லாக இருந்தது.

அடுத்த வருடம் அவர் கேட்கவில்லை. போன வருடத்தில் இருந்ததே கணினியில் வந்து நின்றது. அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அப்படியே பத்து வருடம்.

அன்ரிக்கு என்னோடு இருந்த சண்டை வேறு.

“தம்பி, சப்பாத்து வாங்கின ரசீது வச்சிருக்கிறீரோ? அந்தக் குளிர் ஜக்கெற்? அதெல்லாம் கழிக்கலாம்.”

“வேண்டாம் அன்ரி.”

“மெடிகெயார் காட் இல்லாமல் இருந்த மாசங்களுக்கு, அதுக்கெண்டு கட்டின வரியையும் கழிக்கலாம். ஒரு கடிதம் எடுத்தாச் சரி.”

“வேண்டாம்.”

“உமக்கென்ன விசரே? அரசாங்கத்துக்குத் தானம் குடுக்கிற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கணக்கு முடிந்ததும் குசினிக்குக் கூட்டிப்போய்ப் புட்டும் கறியும் தருவார். வருடத்தில் ஒருநாள் இன்னொருவர் சமைத்ததை மேசையில் இருந்து சாப்பிட்டது அங்கேதான்.

நான்காவது வருடம் அதையும் கெடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அன்ரி கதையைத் தொடங்கினார். சிட்னியில், டூங்கபியில், அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண்ணுக்கு முதல் கலியாணம் சரிவரவில்லை. நல்ல பிள்ளை, வங்கியில் வேலை.

“நீரும் எத்தினை நாளைக்குத் தனியக் கிடக்கப்போறீர்? விசாப் பிரச்சினையும் ஒரு வழிக்கு வரும். நான் கதைக்கட்டே?”

அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் பொய் சொன்னவன் என்று தெரிந்தால் இந்த மேசையில் எனக்கு இடம் இருக்காது என்று நினைத்தேன். “எனக்கு இப்ப அந்த எண்ணம் இல்லை அன்ரி” என்று முனகிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பேருந்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. தரிப்பிடத்தில் குளிரில் நின்றுகொண்டு மனைவிக்கு அழைத்தேன். மகள் வந்து அன்று படித்த பாட்டைப் பாடிக் காட்டினாள். அதற்குப் பிறகு அன்ரி வீட்டுக் குசினிக்கு நான் போகவில்லை. கராஜில் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

கோவிலுக்குப் போவதையும் விட்டேன். அங்கே சாமியைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் நாலு பேர் “விசா என்னமாதிரி?” என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்கு ஏலாது. நான் வாடகைக்கு இருந்த வீட்டில் நாலு அறை, நாலு பேர், நாலு விதமான வேலை நேரம். குளியலறையில் ஈரத் துவாயைப் பார்த்துத்தான் இன்னொருவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, மாலையில் மகளோடு பேச வாயைத் திறந்தபோது குரல் அடைத்திருந்தது. தடிமனா, சளியா என்று மனைவி கேட்டாள். ஓம் என்றேன்.

இதற்கிடையில் என் கோப்பு மட்டும் தடித்தது. ஒவ்வொரு வருடத் தாக்கலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா.

சில மாதங்களுக்கு முன் அந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். இலவசமாக உதவி செய்கிற ஒரு சட்ட நிலையத்தில் எனக்கு நேரம் கொடுத்தார்கள். அமைச்சருக்குக் கருணை மனு எழுதுவதற்கு. நீதிமன்றமெல்லாம் முடிந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருக்கிற கடைசி வாசல் அது. இந்தக் குடும்பத்தை ஒன்றுசேர விடுங்கள் என்று கேட்கப்போகிறோம் என்றார் வழக்கறிஞர். முப்பது வயதுகூட இராத வெள்ளைக்காரப் பெண். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனாலும் பிழை வந்துவிடக் கூடாது என்று தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். தமிழ்நாட்டுக் குரல். “வணக்கம் சார், நீங்க சொல்றதை அப்படியே சொல்லுவேன், நிதானமா பேசுங்க” என்றது. அந்தக் கிழமை என்னோடு தமிழில் பேசிய முதல் வெளி ஆள் அந்த அம்மாதான்.

நான் கோப்பை மேசையில் வைத்தேன். பத்து வருடம். வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சைத் தாள் திருத்துகிற ஆசிரியரைப் பார்ப்பதுபோல. நல்லது, மிக நல்லது என்று தலையாட்டிக்கொண்டு வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றார். முந்தைய வருடத்தை எடுத்தார். அதற்கும் முந்தையதை எடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். எனக்கு அது விளங்கிவிட்டது. இருந்தாலும் தொலைபேசி தமிழில் சொல்லும்வரை விளங்காத மாதிரி இருந்தேன்.

“உங்க அகதி விண்ணப்பத்துல மனைவியும் ஒரு பொண்ணும் இருக்காங்கன்னு சொல்லியிருக்கீங்க. ஆனா இதுல பத்து வருஷமும் மனைவி இல்ல, குழந்தை இல்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. இதுல எது உண்மை?”

இரண்டும் நான் எழுதியதுதான் என்று எப்படிச் சொல்வது? மகள் இருக்கிறாள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் “எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்” என்று நான் சொல்வதாகவே சொன்னார். அப்போது ஏன் இல்லை என்று எழுதினீர்கள்? அரசாங்கத்திடம் எதையாவது கேட்கிறவன் என்று நினைத்துவிடக் கூடாது என்று எழுதினேன் என்றேன். தொலைபேசி அதையும் ஆங்கிலத்தில் சொன்னது.

வழக்கறிஞர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்படியான முரண்பாடுகளைத்தான் அதிகாரிகள் முதலில் தேடுவார்கள் என்றார். ஒரு இடத்தில் பொய் சொன்னவன் எல்லா இடத்திலும் சொல்லியிருப்பான் என்று மனுவை மூடிவிடுவார்கள். இந்தக் கோப்பை இப்படியே கொடுக்க முடியாது. கொடுக்காமல் விட்டாலும் அவர்களாக எடுத்துப் பார்த்தால் என்ன செய்வது? கணக்கைச் செய்தவரிடம் போய்த் திருத்தக் கேளுங்கள், நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் வாங்கி வாருங்கள் என்றார். கடைசியாக, அதையும் சேர்த்து, என்னை நன்றாகத் தெரிந்த மூன்று பேருடைய கடிதங்கள் வேண்டும் என்றார். அயலவர், நண்பர், கோவில், விளையாட்டுக் கழகம், யாரென்றாலும் சரி.

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கடைசியில் தொலைபேசியில் இருந்த அம்மா, “சார், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டார்.

கோப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். யாரையும் தொந்தரவு செய்யாமல், யாரிடமும் எதுவும் வாங்காமல் இருந்ததில், என்னைத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் போய்விட்டது. இந்த நாட்டில் என்னைத் தெரிந்தது வரித் திணைக்களத்துக்கு மட்டும்தான். அதற்கும் பிழையாகத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்ரி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜூலை மாதம் இல்லை. அவருக்கு ஆச்சரியம்.

“என்ன தம்பி, சுகமில்லையோ?”

கராஜுக்குப் போகாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி இருக்கிறாள். மகள் இருக்கிறாள். பதினைந்து வயது. சொல்லும்போது நான் பயந்ததுதான் நடந்தது, அழுதுவிட்டேன். அன்ரி உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

“நான் உமக்குப் பொம்பிளை பாத்தனான். அந்தப் பிள்ளையின்ர தாயோட கதைக்கவும் வெளிக்கிட்டனான். கலியாணம் கட்டின மனிசனுக்கு! அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமெல்லே?”

“ஓம் அன்ரி.”

“இதைச் சொன்னால் நான் என்ன உம்மைத் திண்டுபோடுவனோ?”

“இல்லை அன்ரி.”

“உள்ள வாரும். கதவைச் சாத்தும், குளிருது.”

கணினியைத் திறந்து கடைசி வருடத் தாக்கலை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசித்தார். மனைவியைப் போட்டிருக்க வேண்டும் என்றார். அதைத் திருத்தி அனுப்பலாம், அதனால் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. நான் மகளைப் பற்றிக் கேட்டேன்.

“பிள்ளையையும் போடுங்கோ அன்ரி. ஒண்டு எண்டு போடுங்கோ.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதில கேக்கிறது இஞ்ச இருக்கிற பிள்ளையளை. அங்க இருக்கிற பிள்ளை இந்தக் கணக்கில வராது. நீர் அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் பூச்சியம்தான் போட்டிருப்பன்.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்து வருடம் நான் அவளை மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்கத் தேவையே இருக்கவில்லை. அவளை எழுத அங்கே இடமே இல்லை. நான் சொல்லாமல் விட்டதால் ஒரு பிள்ளையின் கதையைக் கேட்கக்கூடிய ஒரே ஒரு வீட்டை இழந்ததுதான் மிச்சம்.

அன்ரி கடிதம் எழுதித் தந்தார். தான் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னதையும், அது ஏன் என்று இப்போது நான் சொன்னதையும், பிள்ளை விஷயத்தில் தாளில் உள்ள விடை எப்படியும் சரியே என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். பொய்க் கடிதம் தரமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். எழுதி முடித்ததும் மகளின் படத்தைக் காட்டச் சொன்னார். கைபேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “வடிவான பிள்ளை” என்றார். அன்று குசினியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இரண்டாவது கடிதத்தைத் தொழிற்சாலையில் என்னோடு ஆறு வருடம் பக்கத்தில் நின்று இலை வெட்டிய வியட்நாம்காரப் பெண்மணி தந்தார். இவன் நல்லவன், அதிகம் பேசமாட்டான் என்று நாலே வரி. மூன்றாவது கடிதம் கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டோடு அனுப்பினோம்.

பதில் இன்னும் வரவில்லை. மாதங்கள் ஆகலாம், வருடங்கள் ஆகலாம், வராமலும் விடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார்.

மனு போன கிழமை, மாலை நேரம், மகளுக்கு அழைத்தேன். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். மனைவி கிணற்றடியில் நின்றதால் அவள்தான் எடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?”

சொல்லாமல் விடுவதற்கு எனக்கு இனித் தெம்பு இருக்கவில்லை. அவளிடமும் மறைத்தால் பிறகு நான் யாரோடு பேசுவது?

“உன்னைப் பற்றி ஒரு பொய் எழுதினனான் பிள்ளை. பத்து வருஷமா. எனக்குப் பிள்ளை இல்லை எண்டு இஞ்ச கையெழுத்து வச்சுக் குடுத்தனான். உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனா உனக்குத் தெரியவேணும்.”

அவள் தலைமயிரைப் பின்னுவதற்காகக் கைபேசியை எங்கேயோ சாய்த்து வைத்தாள். எனக்குப் பாதி முகம்தான் தெரிந்தது.

“அதுக்கேன் இப்பிடிக் கவலைப்படுறீங்கள்? நானும் அப்பிடித்தானே சொல்லுறனான்.”

“என்னெண்டு?”

“ரியூசன் வகுப்பில புது ஆக்கள் அப்பா எங்க எண்டு கேட்டால், இல்லை எண்டு சொல்லிப்போடுவன். வெளிநாட்டில எண்டு சொன்னால் எப்ப வருவார், ஏன் இன்னும் உங்களைக் கூப்பிடேல்லை எண்டு நிண்டு கேப்பினம். இல்லை எண்டால் ஒருத்தரும் பேந்து கேக்க மாட்டினம்.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று சொல்கிற அதே குரல். எத்தனை நாளாக அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“ஆறாம் ஆண்டில இருந்து. அது லேசு அப்பா.” பின்னலை முடித்துவிட்டு முழு முகத்தையும் காட்டினாள். “அம்மா கூப்பிடுறா. வைக்கட்டே?”

“ஓம், வையம்மா” என்றேன்.